ஒண்ணும் போடாத வயல்

அப்படியேதான்மா நானும் சொன்னேன், கல்லு காத்தைக் குடிக்குதுன்னு. என் தங்கச்சி பட்டுனு போனை வச்சுட்டா. அஞ்சு நிமிஷம் கழிச்சு அவளே கூப்பிட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா, நான் வேணா கிளம்பி வரட்டுமான்னு கேக்கறா. சிரிக்காதீங்க. நீங்க படிச்சுட்டு வந்திருக்கீங்க, உங்களுக்குச் சொல்ல வார்த்தை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? வயல்ல கல்மாவு கொட்டியிருக்கோம், மழை பெய்ஞ்சா அது காத்துல இருக்கற கரியமில வாயுவைப் புடிச்சுக்கும்னு சொன்னா, யாரா இருந்தாலும் ஒரு மாதிரிதான் பாப்பாங்க.

பையைக் கீழ வைங்க முதல்ல. உள்ள என்ன, மண்ணா? எங்க மண்ணை எங்க சமையக்கட்டுலயே மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, யாரு தூக்கிட்டுப் போகப்போறா? இந்த மழை இப்போதைக்கு விடாது. ஜன்னல் வழியாப் பாருங்க, கடைசியில ஒரு மரம் நிக்கும், தெரியுதா? தெரியலைல்ல. அது தெரியற வரைக்கும் வயல்ல கால் வைக்க முடியாது, முட்டி வரைக்கும் உள்ள இழுத்துக்கும். உங்களுக்கு முன்னாடி வந்துட்டிருந்தாரே நெட்டையர், அவரு ஒரு தடவை பேச்சைக் கேக்காம இறங்கிட்டு வெறுங்காலோட வந்தாரு. ஒரு பூட்ஸ் இன்னும் கிடைக்கல. உங்க மெஷின்ல அது ஏதாவது ரிசல்ட் காட்டினா சொல்லுங்க.

ஆமா, நெட்டையர்னுதான் இங்க எல்லாருமே சொல்லுவோம். அவருக்கும் தெரியும். இந்த நிலைப்படியில இடிச்சுக்காத நாளே கிடையாது.

டீ ஆறுது பாருங்க. சக்கரை போதுமா? சரி.

அவருதான் முதல் முதல்ல எங்களுக்கு விளங்க வச்சாரு. இந்த மேஜை மேலதான். ஒரு சோடா பாட்டிலைத் திறந்தாரு, புஸ்ஸுனு பொங்குச்சு. இதுல பொங்குதே, இதேதான் காத்துலயும் இருக்கு, நாம வண்டி ஓட்டி, அடுப்பெரிச்சு, கரியைக் கொளுத்தி அதை ஏத்திக்கிட்டே போறோம்னாரு. மழைத்தண்ணி வர்ற வழியில அதைத் துளித்துளியாக் கரைச்சுக்கிட்டு வருதாம். மண்ணுக்குள்ள இறங்கறப்ப இன்னும் கொஞ்சம் சேத்துக்குதாம். அந்தத் தண்ணி கல்லு மேல பட்டா கல்லு கரையுமாம். கரைஞ்ச கல்லும் அந்த வாயுவும் ஒண்ணா சேந்து தண்ணியோட தண்ணியா ஆத்துக்குப் போயி, அங்கேருந்து கடலுக்குப் போயிடுமாம். அப்புறம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்குக் காத்துப்பக்கம் தலைகாட்டாதாம். ஓ, வீட்டை விட்டு ஓடிப்போன ஜோடி மாதிரியான்னு கேட்டேன். மனுஷன் அதைக் குறிச்சு வச்சுக்கிட்டாரு தெரியுமா? எங்கேயோ மீட்டிங்ல வேற சொல்லியிருக்காரு.

மலையெல்லாம் இந்த வேலையை எப்பவும் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா ஆமை வேகத்துல பண்ணுதுன்னாரு. கட்டிச் சக்கரையைத் தண்ணியில போட்டா எப்போ கரையறது? தூளாக்கிப் போட்டா உடனே கரையுதில்ல, அதுதான் விஷயம்னாரு. குவாரியில கருப்புக் கல்லை உடைக்கிறப்ப விழற மாவை மலை மாதிரி குவிச்சு வச்சிருக்காங்க, யாருக்கும் வேண்டாம், அதைக் கொண்டு வந்து வயல்ல போட்டா மண்ணோட புளிப்பும் குறையும், பயிருக்கும் நல்லது, காத்துக்கும் நல்லதுன்னாரு. எனக்குப் புடிச்சிருந்துச்சும்மா. இவரு, அதான் எங்க வீட்டுக்காரர், தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. அவரு தாடையைச் சொறிஞ்சா பாதி சம்மதம்.

ஆனா சிக்கலே அதுக்கப்புறந்தான். நெட்டையர் கேட்டது ஒரு வயல் இல்ல, ரெண்டு வயல். ஒண்ணுல மாவு போடணும், இன்னொண்ணுல ஒண்ணுமே போடக்கூடாது. ரெண்டும் ஒரே மண்ணு, ஒரே சரிவு, ஒரே தண்ணியா இருக்கணும். அப்பத்தான் மாவு செஞ்ச வேலை எது, மழை செஞ்ச வேலை எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமாம். உங்களுக்குத் தெரியாததா. ஊரெல்லாம் சுத்திட்டு, எங்க நிலத்தைப் பாத்ததும் அவரு முகத்தைப் பாக்கணுமே! ஒரு வயித்துல பொறந்த மாதிரி ரெண்டு வயலு, நடுவுல ஒரு வரப்பு.

பொறந்தது ஒரு வயித்துலதான். வரப்புக்கு இந்தப் பக்கம் இவரு, அந்தப் பக்கம் இவரோட அண்ணன். மாமனார் போனப்புறம் பிரிச்சது. நிலத்தைப் பிரிச்சதுல ஒரு சண்டையும் இல்லம்மா, அதைச் சொல்லணும். அண்ணன், உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோன்னாரு, தம்பி, நீ குடுக்கறதைக் குடுன்னாரு. அவ்வளவு அந்நியோன்யம். அப்புறம் ஒரு நாள் பொது மோட்டார் எரிஞ்சு போச்சு. அவ்வளவுதான்.

நீதான் அணைக்காம விட்டேன்னு இவரு, நீதான்னு அவரு. எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு, எலி ஒயரைக் கடிச்சிருக்குங்க, பாருங்க பல்லு தடம்னு கையில எடுத்தே காட்டினாரு. யாரு கேட்டா? அதுக்குள்ள ரெண்டு பேரும், அப்பா உயிரோட இருந்தப்ப நீ என்ன பண்ணேங்கற வரைக்கும் போயிட்டாங்க. மோட்டார் எங்கேயோ போச்சு, பேச்சு நின்னது நின்னதுதான். ஏழு வருஷம். எதிர்ல வந்தா ஒருத்தர் மரத்தைப் பாப்பாரு, இன்னொருத்தர் வானத்தைப் பாப்பாரு.

நானும் அக்காவுமா? அக்கான்னா அண்ணன் சம்சாரம். நாங்க நல்லாத்தான் இருந்தோம். கொல்லைப்பக்கம் வேலியில நின்னு பேசுவோம். நாங்க பேசறது அவங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாங்க. அவங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும், நாங்களும் தெரியாத மாதிரி இருப்போம். வீடு அமைதியா ஓடணும்ல.

அதனால நெட்டையர் என்ன பண்ணாரு, இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடையா நடந்தாரு. இங்க ஒரு டீ, அங்க ஒரு டீ. கடைசியில பெரியவரு, அதான் இவரோட அண்ணன், சொன்னாராம், அவன் வயல்ல எதை வேணா கொட்டிக்கட்டும், அவன் போடறதை நான் தொடமாட்டேன், என் வயல்ல ஒரு பிடி விழக்கூடாதுன்னு. நெட்டையருக்கு அதுதானே வேணும்! ஐயா, இதைத்தான் கேக்கலாம்னு வந்தேன்னு கையைப் புடிச்சுக்கிட்டாராம். இவருகிட்ட வந்து சொன்னதும், அண்ணன் போடமாட்டேன்னுட்டாரா, அப்ப நான் போடறேன்னு இவரும் சரின்னுட்டாரு. உலகத்துலயே வீம்புல நடந்த ஆராய்ச்சி இது ஒண்ணாத்தான் இருக்கும்.

லாரி வந்த அன்னைக்கு நீங்க இருந்திருக்கணும். சுண்ணாம்பு தூவற மெஷினை டிராக்டருக்குப் பின்னால மாட்டி இழுத்தாங்க. தண்ணி தெளிச்சுத்தான் வச்சிருந்தாங்க, மூஞ்சிக்குத் துணியும் குடுத்தாங்க, இருந்தாலும் காத்து ஒரு பக்கமா திரும்புச்சு பாருங்க, இவரு வீட்டுக்குள்ள வந்து நிக்கறாரு, நான் யாரோ சிலையைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்கன்னு நினைச்சேன். கண்ணு மட்டும் முழிக்குது. புருவத்தைத் துடைச்சு விட்டப்புறந்தான் நம்ம ஆளுன்னு நம்பிக்கை வந்துச்சு.

முதல் வருஷம் ஒண்ணுமே தெரியல. இவரு தினம் போயி வயலையே பாத்துக்கிட்டு நிப்பாரு, அடுப்புல பாலை வச்சுட்டு நிக்கற மாதிரி. டீக்கடையில கிண்டல் வேற. என்னப்பா, இன்னைக்கு எவ்வளவு காத்து புடிச்சேன்னு கேப்பாங்க. காத்துக்காரர்னே பேரு வச்சுட்டாங்க. சைக்கிளுக்குக் காத்து கம்மியா இருக்கு, உங்க வயல்லேருந்து கொஞ்சம் குடுங்கன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டாரு. இவருக்குக் கோவம் வராதா? வந்துச்சு. ஆனா விடல.

ரெண்டாவது வருஷம் சோளம் முளைச்சு இடுப்பளவு வந்தப்ப எனக்கே தெரிஞ்சுச்சும்மா. இந்தப் பக்கம் கரும்பச்சை, தண்டு கெட்டியா, காத்தடிச்சா லேசா அசைஞ்சுட்டு நிக்குது. அந்தப் பக்கம் பழுப்பு. அந்த மண்ணு ரொம்பப் புளிச்சுப் போச்சு. முன்னெல்லாம் பெரியவரு வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுவாரு, சமாளிச்சுக்குவாரு. இப்ப உங்க ஆளுங்ககிட்ட ஒண்ணும் போடமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டாரே. வாக்குன்னா வாக்குதான் அவருக்கு. அக்கா ஒரு நாள் அடுப்புச் சாம்பலைக் கொண்டு போயி ஓரத்துல கொட்டப் போனாங்க, அதையே திருப்பி அள்ளிட்டு வரச் சொல்லிட்டாரு.

இவரு? வரப்பு மேல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தாரு. ஒரு மாசம்தான். அப்புறம் அந்த நடையைக் காணோம். நான் கேட்டதுக்கு, வரப்புல பாம்பு இருக்குன்னாரு. பாம்பும் இல்ல பல்லியும் இல்ல.

அறுப்பு முடிஞ்சு அடுத்த விதைப்புக்கு முன்னாடி பெரியவரு குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. அக்கா வேலியைத் தாண்டி ஓடி வர்றாங்க, நான் என்னன்னு கேக்கறதுக்குள்ள இவரு வண்டிச் சாவியை எடுத்துட்டாரு. பின் சீட்டுல அண்ணனைப் படுக்க வச்சு, அக்கா தலைமாட்டுல, நான் முன்னாடி. ஆஸ்பத்திரி வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலையே! மெதுவாப் போகச் சொல்லுன்னு அவரு அக்காகிட்ட சொல்றாரு. மெதுவாத்தான் போறேன்னு சொல்லுங்க அண்ணின்னு இவரு அக்காகிட்ட சொல்றாரு. ஒரே வண்டிக்குள்ள! ஆனா ஒண்ணு பாத்தேன். வேகத்தடை வர்ற இடத்துல எல்லாம் வண்டியை அப்படியே தவழ விட்டாரு. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போனான். இவரு நெத்தியில வேர்வை வழிஞ்சுது, துடைக்கக்கூட கையை எடுக்கல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்தாரு, ஆனா படுக்கைதான். அந்த வருஷம் அண்ணன் வயலையும் இவருதான் உழுது விதைச்சாரு. யாரும் சொல்லல, யாரும் கேக்கல. நெட்டையர் இருந்தாரு அப்ப, அதே விதை, அதே அளவுன்னு பாத்துப் பாத்துக் குடுத்தாரு. அது உங்க கணக்குக்கு ஒத்து வர்றதுதான். அதுக்கப்புறம் அவருக்கு வேற ஊருக்கு மாத்தலாச்சு, நீங்க வந்தீங்க.

இருங்க, ஜன்னலைச் சாத்திடறேன், சாரல் உள்ள அடிக்குது. உங்க பையை இந்தப் பக்கம் தள்ளி வைங்க.

நீங்க வந்ததுலேருந்து நான் பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன். வயலுக்கு அடியில புதைச்சிருக்கற வடிகால் குழாய் இருக்கே, இந்தப் பக்கம் குழாய்லேருந்து வர்ற தண்ணியைப் புடிக்கிறீங்க, அந்தப் பக்கம் குழாய்த் தண்ணியைப் புடிக்கிறீங்க, நெத்தியைச் சுருக்கறீங்க. மெஷினைக் கழுவறீங்க, மறுபடி புடிக்கிறீங்க. போன மாசம் மெஷினே கெட்டுப் போச்சுன்னு ரிப்பேருக்கு அனுப்பினீங்க. இப்ப புது மெஷின் வந்திருக்கு, அதுலயும் அதேதானே? ஒண்ணும் போடாத வயல்லேருந்து கல்லு கரைஞ்சு வருதுன்னுதானே காட்டுது?

எனக்கு எப்படித் தெரியும்னா, நேத்து நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலம்மா, துணி காயப்போட்டுட்டு இருந்தேன். இல்ல சார், நான் சரியாத்தான் எடுத்தேன் சார், டப்பா மாறல சார்னு சொல்லிட்டே இருந்தீங்க. அப்புறம் வண்டிக்குப் பின்னால போயி மூஞ்சி கழுவினீங்க. முதல் வேலையா இது? நினைச்சேன். ராத்திரி இவருகிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமான்னு. தாடையைச் சொறிஞ்சாரு. காலையில உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் பின் வாசல் வழியா நழுவிட்டாரு. அப்ப நான்தான் சொல்லணும்னு அர்த்தம்.

உக்காருங்க, உக்காருங்க. முழுசாக் கேளுங்க.

பெரியவரு கட்டிலை ஜன்னலோரமாப் போட்டிருந்தாங்க, பொழுது போகட்டும்னு. அந்த ஜன்னல்லேருந்து பாத்தா ரெண்டு வயலும் தெரியும். ஒரு நாள் வேலியோரம் அக்கா சொன்னாங்க, தினமும் திரையைப் போடச் சொல்றாருடி, வெளிச்சம் கண்ணைக் கூசுதுங்கறாரு, ஆனா சாயங்காலம் இருட்டினப்புறம் விலக்கச் சொல்றாருன்னு. பச்சையையும் பழுப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படுத்தபடி பாக்க யாருக்கு மனசு வரும்? நான் அதை இவருகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பாதியிலயே எழுந்து கையைக் கழுவிட்டாரு.

மறுநாள்லேருந்து காலையில நடைப்பயிற்சி போறேன்னாரு. டாக்டர் சொன்னாராம். சரி, நல்லதுதானேன்னு விட்டேன். ஆனா நடக்கப் போற மனுஷனுக்குத் தள்ளுவண்டி எதுக்கும்மா? திரும்பி வர்றப்ப புருவம் வரைக்கும் சாம்பல் நிறம். கொட்டகையில மிச்சம் இருந்த கல்மாவு மூட்டை ஒவ்வொண்ணா வத்திக்கிட்டே வருது. உங்க மெஷின் எல்லாம் எதுக்கு, இவரு சட்டையைத் துவைச்ச தண்ணியைப் பாத்திருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. வாளியில அள்ளி, கையாலேயே தூவியிருக்காரு, பயிர் வரிசைக்கு நடுவுல, மொத்த வயலுக்கும்.

நான் கேட்டேன். கேக்காம இருப்பேனா? என்னங்க இது, அவங்க ஆராய்ச்சி என்ன ஆகும், எவ்வளவு பாடுபட்டிருக்காங்கன்னு. அவங்களுக்கு வேற வயல் கிடைக்கும்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

பெரியவரா? அவருக்குத் தெரியாதுன்னுதான் இவரு நினைச்சுக்கிட்டு இருந்தாரு. திரை போட்டிருக்கே. ஆனா அக்கா சொன்னாங்க, திரையில ஒரு கண்ணு போற அளவுக்கு இடுக்கு விட்டு வச்சு, தினமும் காலையில அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காருன்னு. நிறுத்துன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. வாக்குக் குடுத்த மனுஷன், உள்ளுக்குள்ள என்ன பாடு பட்டாரோ.

அப்படியே நாள் போச்சு. ஒரு நாள் நான் இவருக்கு டீ கொண்டு போனேன், தெரிஞ்சு போச்சுல்ல, இனிமே என்ன ஒளிவு மறைவுன்னு. வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிருந்துச்சு. கோழிக்கூண்டுக்குப் பின்னாடி ஒரு மூலை இருக்கு, கட்டில் போடற அளவுதான் இருக்கும், அங்க வாளி போகல. மாவு தீந்து போச்சா, கை ஓஞ்சு போச்சா தெரியல, போதும்னு இவரு வண்டியைத் திருப்பிட்டாரு. அப்ப பாத்தா, நடக்கறதுக்குக் குடுத்திருப்பாங்களே நாலு கால் கம்பி, அதைப் புடிச்சுக்கிட்டு பெரியவரு வெளிவாசல்ல நிக்கறாரு. அக்கா பின்னாடியே பதறிக்கிட்டு வர்றாங்க. இவரு கையில காலி வாளி. மூஞ்சியெல்லாம் மாவு. எங்க ஓடறது? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கறாங்க. அன்னைக்கு மரத்தையும் பாக்கல, வானத்தையும் பாக்கல.

பெரியவரு தொண்டையைச் செருமிக்கிட்டாரு. டேய், அந்த மூலையில போடலைடா, அப்படின்னாரு.

ஆமாம்மா, அதையேதான் நானும் நேத்து நினைச்சேன். அந்த மூலையை மட்டும் விட்டிருந்தா இன்னைக்கு உங்களுக்கு அந்தக் கட்டிலகலம் மண்ணாவது மிஞ்சியிருக்கும். வச்சு அளந்து பாத்திருப்பீங்க. உங்க மேலதிகாரிங்களுக்கு என்ன எழுதணுமோ எழுதிக்குங்க, பொண்ணு மேல தப்பில்ல, டப்பாவும் மாறலன்னு நாங்க நாலு பேரும் வந்து சொல்றோம், எந்த ஆபீசுக்கு வேணா வர்றோம். ஆனா அந்த மூலை இல்லம்மா. இவரு கொட்டகைக்குத் திரும்ப ஓடி, மூட்டையை உதறி, அடியில ஒட்டியிருந்ததைக்கூட வழிச்சு எடுத்துட்டுப் போயி போட்டுட்டாரு. ஏழு வருஷம் கழிச்சு அண்ணன் வாயைத் திறந்து ஒண்ணு சொல்றாரு, எப்படிப் போடாம இருப்பாரு?